எட்டுப் பதிவகங்கள்: காவி அறிவுறுத்தல்களுக்கான பதிவக ஒதுக்கீட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோரிடையே இரு போக்குகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. ஒன்று, கருவியின் வளர்ச்சிக்கான காரணங்களைக் கருவியினுள்ளேயே தேடி அமைவது. இதன்படி ஓர் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அவ்வாறு அமைந்தமைக்குப் பௌதிக விதிகளே காரணம். மனிதர் அவ்விதிகளைக் கண்டறிந்து கீழ்ப்படிபவர் மாத்திரமே. மற்றையது, இயந்திரத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் அதன் உடைமையாளரின் இலாப நோக்கிலிருந்து நேர்கோட்டில் வருவித்துவிடுவது. முன்னைய போக்கு இயந்திரத்தை இயற்கையாகக் காண்கின்றது. பின்னையது அதனைச் சூழ்ச்சியாகக் காண்கின்றது. முன்னையதை மறுத்துரைக்க நாம் பழகியுள்ளோம். பின்னையதோ எம்மிடையே, மார்க்சியத்தைத் தமது நோக்காகக் கொண்டோரிடையே, அடிக்கடி தலைகாட்டுவது. ஆகவே அதனை மறுப்பது கடினமாயினும் இன்றியமையாததாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இவ்விவாதம் புதியதன்று. அடித்தளம் மேற்கட்டுமானத்தை நிர்ணயிக்கின்றது என்னும் கூற்றை இயந்திரகதியாக விளங்கிக்கொண்டதன் விளைவுகளை நாம் நன்கறிவோம். இறேமண்ட் வில்லியம்ஸ் 1977இல் வெளியிட்ட 'மார்க்சியமும் இலக்கியமும்' என்னும் நூலில், நிர்ணயம் என்பதை எல்லைகளை வகுத்தலாகவும் அழுத்தங்களைப் பிரயோகித்தலாகவும் கொள்ளவேண்டுமென வாதிட்டார். எல்லை என்னும் இக்கருத்து இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. எல்லைகளைக் கணக்கிட்டு அவற்றினுள்ளே ஒழுகுவதையே தன் முழுத் தொழிலாகக் கொண்ட ஒரு துறையில் அதனைப் பிரயோகித்துப் பார்ப்பது பயனுடைத்து. கணனியின் காவி அறிவுறுத்தல்களுக்குப் பதிவகங்களை ஒதுக்கும் துறை அத்தகையது. அத்துறையின் எல்லைகள் எங்கிருந்து வந்தன, அவற்றின் சுமையை யார் தாங்குகின்றனர் என்பனவே இக்கட்டுரையிற் கேட்கப்படும் வினாக்கள்.

2

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். கணனியின் கணிக்கும் அலகு, நினைவகத்தில் தொலைவிற் கிடக்கும் எண்களின் மீது விரைந்து தொழிற்பட இயலாது. அவற்றைத் தனக்கு மிக அண்மையிலுள்ள சில இடங்களுக்குக் கொணர்ந்தே கூட்டலையும் பெருக்கலையும் அது செய்கின்றது. இவ்விடங்களே பதிவகங்கள். மனிதர் எழுதும் செய்நிரலில் எத்தனை பெயர்கள் வேண்டுமாயினும் இருக்கலாம். பதிவகங்களோ எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்னும் அளவிலேயே உள்ளன. மனிதருக்கு நெருக்கமான மொழியில் எழுதப்பட்ட செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் செய்நிரல் தொகுப்பி எனப்படும். எப்பெறுமானம் எந்நேரத்தில் எப்பதிவகத்தில் இருத்தல் வேண்டும், இடம் போதாதவிடத்து எதனை நினைவகத்துக்கு வெளியேற்றுதல் வேண்டும் என்று தீர்மானிப்பது தொகுப்பியின் கடமைகளுள் ஒன்று. இதுவே பதிவக ஒதுக்கீடு. ஒரே கட்டளையால் வரிசையாயமைந்த பல எண்கள் மீது ஒரே செய்கையை நிகழ்த்துவது காவி அறிவுறுத்தல். அதன் பதிவகம் ஓர் எண்ணையன்றி எண் வரிசையொன்றைத் தாங்கும்.

இத்துறையின் தொடக்கம் உழைப்பின் விலையோடு பிணைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையில் 1954இல் தொடங்கி 1957இல் வெளியிடப்பட்ட போர்ட்ரான் தொகுப்பி, ஐ.பி.எம். 704 என்னும் இயந்திரத்துக்கானது. கணனி நிலையமொன்றிற் செய்நிரலாளருக்காகும் செலவு இயந்திரத்துக்காகும் செலவுக்குக் குறைந்ததன்று என்பதே இம்முயற்சிக்கான பொருளாதார நியாயமாகப் பக்கஸ் எடுத்துரைத்தது. கைத்தொழிலாளியின் திறனை இயந்திரத்துள் இட்டு அவ்வுழைப்பை மலிவாக்கும் போக்கை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விரிவாக ஆராய்ந்தார். அப்போக்கு மூளை உழைப்பினுள் நுழைந்த வாயில்களுள் போர்ட்ரானும் ஒன்று எனலாம். 704இல் இருந்த சுட்டுப் பதிவகங்கள் மூன்றே. அம்மூன்றையும் பங்கிடும் பகுதியை ஷெல்டன் பெஸ்ட் ஆக்கினார். செய்நிரலின் எப்பகுதி எத்தனை தடவை இயங்கக்கூடும் என்பதை மதிப்பிடும் பகுதியை லொயிஸ் ஹைப்ற் என்னும் பெண்மணி ஆக்கினார். அனுபவமிக்க செய்நிரலாளர் கைக்கொண்ட சிக்கனம் இவ்வாறு ஒரு முறையாக வகுக்கப்பட்டது.

இதே பிரச்சினை சோவியத் ஒன்றியத்திலும் ஆராயப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்திரேய் எர்ஷோவ் 1958இலேயே எண்கணிதக் கோவைகளைக் கணிப்பதற்கான செய்நிரலாக்கம் பற்றி எழுதினார். லவ்ரோவ் 1961இல் நினைவகச் சிக்கனம் பற்றி ஆராய்ந்தார். எர்ஷோவ் 1962இல் நினைவக ஒதுக்கீட்டை வரைபொன்றின் கணுக்களுக்கு நிறமிடும் பிரச்சினையாக மாற்றிக் காட்டினார். ஒரே நேரத்தில் உயிர்ப்புடன் இருக்கும் இரு பெறுமானங்கள் ஓரிடத்தைப் பகிரமுடியாது. ஆகவே அவற்றைக் குறிக்கும் கணுக்களைக் கோட்டினால் இணைத்து, இணைந்த கணுக்களுக்கு வெவ்வேறு நிறமிடுக என்பதே இதன் சாரம். நிறம் என்பது இங்கு இடத்தின் குறியீடு.

ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஜோன் கொக் 1970களின் தொடக்கத்தில் இதனையொத்த எண்ணத்தை முன்வைத்தார். கிறெகரி சைட்டினும் அவருடன் பணியாற்றியோரும் 1981இல் அதனை முழுமையான முறையாக வெளியிட்டனர். அதன் மையத்திலிருந்த உத்தியோ மேலும் நூறாண்டு பழமையானது. தேசப்படங்களுக்கு நான்கு நிறங்கள் போதும் என்பதை நிறுவ 1879இல் கெம்பே முயன்றபோது, அயற்கணுக்கள் குறைந்த கணுவை நீக்கிவிட்டு மிகுதிக்கு நிறமிடும் வழியைக் கையாண்டார். அவரது நிறுவல் தவறானதென 1890இல் ஹீவுட் காட்டினார். ஆயினும் அவ்வழி, நூறாண்டின் பின் பதிவக ஒதுக்கீட்டுக்குப் பயன்பட்டது.

இம்முறையினுள்ளே ஓர் எடுகோள் மறைந்துள்ளது. நிறங்கள் யாவும் சமமானவை, ஒன்றிலொன்று தங்காதவை என்பதே அது. எந்தப் பெறுமானத்துக்கும் எந்தப் பதிவகமும் பொருந்தும் என்பது கணிதத்தின் உலகம். காவிப் பதிவகங்களின் வரலாறு, இவ்வெடுகோள் படிப்படியாகச் சிதைந்த வரலாறாகும்.

3

காவிப் பதிவகம் என்பதே தவிர்க்கவியலாத ஒன்றன்று. கொன்ட்ரோல் டேற்றா நிறுவனத்தின் ஸ்டார்-100 என்னும் இயந்திரம் காவிகளை நினைவகத்திலிருந்து எடுத்து நினைவகத்துக்கே மீள அனுப்பியது. அணுவாயுத ஆராய்ச்சிக்குரிய லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடம் 1974இல் அதனைப் பெற்றது. ஒவ்வொரு காவிச் செய்கையையும் தொடங்குவதற்கு நீண்ட நேரம் பிடித்தமையால் மிக நீண்ட காவிகளுக்கே அது இலாபகரமாயிற்று. முன்னர் அந்நிறுவனத்திற் பணியாற்றிய சேமூர் கிறே 1972இல் விலகித் தமது நிறுவனத்தை அமைத்தார். 1976இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட கிறே-1 இயந்திரத்தில் எட்டுக் காவிப் பதிவகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 64 பிட் அளவுடைய 64 எண்களைக் கொண்டது. எட்டும் சேர்ந்து 4096 பைட்டு. அக்காலத்தின் அதிவேக இயந்திரத்தின் காவிச் செல்வம் முழுவதும் அவ்வளவே.

ஏன் எட்டு? கிறே-1இன் அடிப்படை அறிவுறுத்தல் 16 பிட் நீளமுடையது. அதில் ஏழு பிட் செய்கையைக் குறிக்க, விளைவுக்கும் இரு மூலங்களுக்குமாக மும்மூன்று பிட் எஞ்சின. மூன்று பிட்டுக்களால் எட்டுப் பெயர்களையே சுட்டலாம். அறிவுறுத்தலை நீட்டினால் பெயர்கள் பெருகும். ஆயின் அறிவுறுத்தலை ஏந்தும் நினைவகமும் கம்பிகளும் பெருகும். இது செம்பு, சிலிக்கன், தூரம் என்பவற்றோடு மனிதர் நடத்திய பேரம். இதனைப் பௌதிக எல்லை எனல் தகும்.

கிறே-1இன் தொகுப்பி இவ்வெல்லையினுள்ளே தொழிற்பட்டது. 64க்கு மேற்பட்ட சுற்றுக்களைக் கொண்ட செய்நிரற் பகுதியை அது அறுபத்துநான்கு நான்காக வெட்டவேண்டியிருந்தது. நிபந்தனைகளைக் கையாள இருந்த மறைப்புப் பதிவகம் ஒன்றே. ஒரே சுற்றில் இரு நிபந்தனைகள் வந்தால் ஒன்றுக்கு மற்றொன்று வழிவிடவேண்டும். ஆயினும் எட்டுப் பதிவகங்களும் தம்முட் சமமாயிருந்தன. ஒன்றின் மீது மற்றொன்று படியவில்லை. பதிவகங்கள் சிலவாயிருந்தமையே இங்கு இடர். அவற்றிடையே ஏற்றத்தாழ்வு இன்னும் தோன்றவில்லை.

4

ஏற்றத்தாழ்வு வேறொரு வழியாக வந்தது. அதன் மூலத்தை அறிய மிகச் சிறிய இயந்திரமொன்றை நோக்குதல் வேண்டும். 1970இல் டேற்றாபொயின்ற் 2200 என்னும் மேசை முனையம் வெளிவந்தது. அதன் அறிவுறுத்தல் தொகுதியைப் பின்பற்றி இன்ரெல் நிறுவனம் 1972இல் 8008 என்னும் நுண்முறைவழியாக்கியை ஆக்கிற்று. அதிற் பதிவகத்தைக் குறிக்கும் புலம் மூன்று பிட். 1974இல் வந்த 8080இலும் அவ்வாறே. 1978இல் வந்த 8086, 8080க்கென எழுதப்பட்ட செய்நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்கதாக அமைக்கப்பட்டது. அதிலும் மூன்று பிட். இரண்டு ஏற்பிகளைக் கொண்ட வடிவம். அதாவது 'அ'வையும் 'ஆ'வையும் கூட்டி விடையை 'அ'விலேயே எழுதுதல். பழைய 'அ' அழிந்துபோம். 1980இல் அதனோடு சேர்ந்து தொழிற்பட வந்த 8087, தசமக் கணிப்புக்கான எட்டுப் பதிவகங்களை ஓர் அடுக்காக ஒழுங்குபடுத்தியது. மேலிருப்பதையே முதலிற் கையாளவேண்டும் என்னும் அடுக்கு, நிறமிடும் முறைக்கு இயல்பாகவே பொருந்தாதது.

இந்நிலையில் 1997இல் எம்.எம்.எக்ஸ். என்னும் பெயரில் இன்ரெல் தனது தனியாள் கணனிகளுக்குக் காவி அறிவுறுத்தல்களை வழங்கியது. அவற்றுக்கென எட்டு 64 பிட் பதிவகங்கள் அறிவிக்கப்பட்டன. உண்மையில் அவை புதிய இடங்களல்ல. 8087இன் வழிவந்த தசமப் பதிவகங்களின் மீதே அவை படிந்திருந்தன. இடப்பற்றாக்குறை இதன் முதற் காரணமன்று. பல செய்நிரல்களை மாறிமாறி இயக்கும் பணிசெயல் முறைமை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பதிவகங்கள் யாவற்றையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். புதிய பதிவகங்கள் தோன்றின் அவற்றைப் பாதுகாக்க அம்முறைமையும் மாறவேண்டும். ஏலவே விற்பனையாகிக் கோடிக்கணக்கான மேசைகளில் இருந்த முறைமைகளோ மாறப்போவதில்லை. பழைய பதிவகங்களின் மீது புதியவற்றைப் படியவைத்தால், பழைய முறைமை தான் அறியாமலே புதியவற்றையும் பாதுகாக்கும்.

சந்தையில் உடனடியாக விற்பனையாகவேண்டும் என்னும் நிர்ப்பந்தம், பதிவகங்களின் அமைப்பினுள்ளேயே இறங்கிவிட்டதை நாம் இங்கு காண்கிறோம். இதன் விலையைத் தொகுப்பி செலுத்திற்று. தசமக் கணிப்பையும் காவிக் கணிப்பையும் கலந்து செய்ய இயலாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பும்போது தனியான துடைப்பு அறிவுறுத்தலொன்றை இடவேண்டும். ஆகவே தொகுப்பிகள் இவற்றைத் தாமாக உருவாக்குவதைப் பெரிதும் தவிர்த்தன. கையால் எழுதும் செய்நிரலாளர் மீது அவ்வேலை மீண்டும் சுமத்தப்பட்டது. 1957இற் பெற்ற விடுதலை ஒரு மூலையிற் பின்வாங்கிற்று.

1999இல் எஸ்.எஸ்.ஈ. என்னும் விரிவாக்கம் 128 பிட் அளவுடைய எட்டுத் தனிப் பதிவகங்களைத் தந்தது. இம்முறை பணிசெயல் முறைமைகள் மாறவேண்டியிருந்தன, மாறின. எனினும் மூன்று பிட்டும் இரண்டு ஏற்பி வடிவமும் நீடித்தன. 'அ' அழிவதைத் தடுக்கத் தொகுப்பி முதலில் அதனைப் படியெடுத்தல் வேண்டும், படியெடுக்க இன்னொரு பதிவகம் வேண்டும், இருப்பவை எட்டே. பின்னர் வந்த எஸ்.எஸ்.ஈ. 4.1இல், இரு காவிகளிலிருந்து நிபந்தனைப்படி தெரிவுசெய்யும் அறிவுறுத்தல்கள் சில, நிபந்தனையைப் பூச்சியமாம் பதிவகத்திலேயே எதிர்பார்த்தன. அறிவுறுத்தலில் மூன்றாவது பெயரை எழுத இடமில்லாமையே காரணம். கணிதத்திற் சமமாயிருந்த நிறங்களுள் ஒன்று இவ்வாறு சலுகை பெற்றதாயிற்று.

2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் 64 பிட் விரிவாக்கத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது, அறிவுறுத்தலின் முன்னே ஒரு பைட்டைச் சேர்த்து நான்காவது பிட்டைத் தேடிக்கொண்டது, பதிவகங்கள் பதினாறாயின. 2011இல் ஏ.வி.எக்ஸ். விரிவாக்கம் 256 பிட் அளவையும் மூன்று ஏற்பி வடிவத்தையும் தந்தது. 2013இல் அறிவிக்கப்பட்ட ஏ.வி.எக்ஸ்.-512, முப்பத்திரண்டு காவிப் பதிவகங்களையும் எட்டு மறைப்புப் பதிவகங்களையும் தந்தது. அவ்வெட்டில் பூச்சியமாவதன் எண், மறைப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறியாகப் பயன்படுவதால், மறைப்பாக உண்மையிற் பயன்படுபவை ஏழே. ஆனால் 2021இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனிகளுக்கான முறைவழியாக்கிகளில் இருவகைக் கருக்கள் இருந்தன. சிக்கனக் கருக்களில் இவ்வறிவுறுத்தல்கள் இல்லாமையால், அவற்றைக் கொண்ட பெரிய கருக்களிலும் அவை முடக்கப்பட்டன. பெயரளவில் முப்பத்திரண்டு, பலரது மேசையிற் பதினாறு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இச்சங்கிலியை நோக்குமிடத்து, இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் மீது ஆட்சி செலுத்துவதாக மார்க்ஸ் கூறியது வெறும் உருவகமன்று என்பது தெளிவாகும். முன்னர் எழுதப்பட்டு விற்கப்பட்ட செய்நிரல்கள் யாவும் மூலதனத்தின் திரட்சி. அத்திரட்சியைக் காக்கவே ஒவ்வொரு புதிய இயந்திரமும் பழையதன் உருவை அணிந்துகொள்கின்றது.

5

எல்லைகள் சிலிக்கனிலே பொறிக்கப்பட்டிருத்தல் அவசியமில்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. ஒரு செய்நிரற் பகுதி மற்றொன்றை அழைக்கும்போது எப்பதிவகங்களை அழைப்பவர் பாதுகாக்கவேண்டும், எவற்றை அழைக்கப்படுபவர் பாதுகாக்கவேண்டும் என்பது உடன்பாட்டினால் தீர்மானிக்கப்படுவது. மேற்கூறிய 64 பிட் இயந்திரத்தில், லினக்ஸ் முதலிய முறைமைகள் பின்பற்றும் உடன்பாட்டின்படி காவிப் பதிவகங்கள் யாவும் அழைப்பவரின் பொறுப்பு. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமையிலோ ஆறு தொடக்கம் பதினைந்து வரையான பதிவகங்களை அழைக்கப்படுபவர் காத்தல் வேண்டும். இயந்திரம் ஒன்று, அறிவுறுத்தல் ஒன்று, கணிதம் ஒன்று. ஆயினும் சுற்றொன்றினுள்ளே ஓர் அழைப்பு வருமிடத்து, முன்னையதில் உயிர்ப்புடன் உள்ள காவிகள் யாவும் நினைவகத்துக்கு வெளியேறவேண்டும். பின்னையதிற் பத்துக் காவிகள் தங்கலாம்.

2011இற் பதிவகங்களின் அகலம் இரட்டித்தபோது இவ்வுடன்பாட்டில் விரிசல் தோன்றியது. ஏலவே தொகுக்கப்பட்ட செய்நிரல்கள் 128 பிட்டை மாத்திரமே பாதுகாக்கத் தெரிந்தவை. எனவே விண்டோஸ் உடன்பாட்டில் அப்பதிவகங்களின் கீழ்ப்பாதி பாதுகாக்கப்படும், மேற்பாதி பாதுகாக்கப்படமாட்டாது. ஆம் நிறுவனத்தின் 64 பிட் உடன்பாட்டிலும் எட்டு முதற் பதினைந்து வரையான 128 பிட் காவிப் பதிவகங்களின் கீழ் 64 பிட்டுக்கே பாதுகாப்பு உண்டு. பாதி காக்கப்பட்டுப் பாதி அழியும் பதிவகத்துக்கு என்ன நிறமிடுவது? இவ்வினா இயற்கையிலிருந்து எழுந்ததன்று. மனிதர் செய்த ஓர் ஒப்பந்தத்தின் காலப்படிவு அது.

6

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, தளைகள் யாவும் தனியுடைமையின் விளைவே எனவும், உடைமை நீங்கின் தளைகளும் நீங்கும் எனவும் முடிவுசெய்வது எளிது. நாம் தொடக்கத்திற் சுட்டிய இரண்டாவது போக்கு அதுவே. அம்முடிவைச் சோதிப்பதற்கு வாய்ப்பான ஓர் உதாரணம் எமக்குக் கிடைத்துள்ளது.

2010இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் தொடங்கப்பட்ட றிஸ்க்-ஐந்து என்னும் அறிவுறுத்தல் தொகுதி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க திறந்த நியமமாகும். அதனைப் பேணும் அமைப்பு 2020இல் சுவிற்சர்லாந்தைத் தளமாகக் கொண்டது. அதன் காவி விரிவாக்கம் 2021இல் அங்கீகரிக்கப்பட்டது. காக்கவேண்டிய பழைய சந்தை அதற்கில்லை. ஆயினும் அதிலும் தளைகள் உண்டு. முப்பத்திரண்டு காவிப் பதிவகங்களுள் மறைப்பாகப் பயன்படத்தக்கது பூச்சியமாவது ஒன்றே. அறிவுறுத்தலின் நீளம் 32 பிட். மூன்று பதிவகங்களைக் குறிக்க ஐவைந்தாகப் பதினைந்து பிட் செலவாகும். எஞ்சியதிற் செய்கையின் வகை, பெயர் முதலியவற்றை எழுதியபின் மறைப்புக்குக் கிடைத்தது ஒரு பிட். உண்டு அல்லது இல்லை என்பதையே அதனாற் கூறமுடியும். எது என்பதைக் கூறமுடியாது.

அவ்விரிவாக்கத்திற் பதிவகங்களை இரண்டு, நான்கு, எட்டு எனத் தொகுத்துப் பெரிய காவியாகவும் கையாளலாம். எட்டெட்டாகத் தொகுத்தால் கிடைப்பவை நான்கு தொகுதிகள். அவை பூச்சியம், எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்னும் எண்களிலேயே தொடங்கவேண்டும். மறைப்புப் பூச்சியத்தில் இருப்பின் முதற்றொகுதி குலையும், மூன்றே மிஞ்சும். பெருக்கிக் கூட்டும் அறிவுறுத்தலுக்கு நான்கு பெயர்கள் வேண்டியிருந்தும் இடமில்லாமையால், விடை மூலங்களுள் ஒன்றன் மீதே எழுதப்படுகின்றது. 1978ஆம் ஆண்டின் இரண்டு ஏற்பி வடிவத்தின் சாயல் இங்கும் தோன்றுகின்றது. ஆனால் அதன் காரணம் வேறு.

ஆம் நிறுவனம் 2016இல் அறிவித்த எஸ்.வி.ஈ. விரிவாக்கமும் இத்தகையதே. பதினாறு மறைப்புப் பதிவகங்கள் இருந்தும், பெரும்பாலான கணிப்பு அறிவுறுத்தல்களுக்கு முதல் எட்டே பயன்படும். அறிவுறுத்தலில் அதற்கென மூன்று பிட்டே ஒதுக்கப்பட்டமையே காரணம். ஆக, கிறே-1இல் எட்டு; எம்.எம்.எக்ஸ்.இல் எட்டு, எஸ்.வி.ஈ.யிற் பயன்படும் மறைப்புகள் எட்டு. எண் ஒன்றாயினும் வரலாறு ஒன்றன்று. முதலாவதும் மூன்றாவதும் அறிவுறுத்தலின் நீளத்தோடு நடத்திய பேரத்தில் விளைந்தவை. இரண்டாவது, சந்தையிலிருந்த பழைய சரக்கோடு செய்துகொண்ட உடன்பாட்டில் விளைந்தது. இலக்கியத்தில் ஒரே யாப்பு இரு காலங்களில் இரு வேறு சமூகத் தேவைகளுக்குப் பயன்படக் காண்கிறோம். வடிவத்தை மாத்திரம் நோக்கிச் சமூக உள்ளடக்கத்தைக் கூறிவிடமுடியாது என்னும் பாடம் இங்கும் பொருந்தும்.

எல்லைகள் நீங்கிய தருணங்களும் உண்டு. ஆம் நிறுவனத்தின் 32 பிட் அமைப்பில், 128 பிட் அளவுடைய பதினாறு பதிவகங்கள் ஒவ்வொன்றும் இரண்டு 64 பிட் பதிவகங்களின் மீது படிந்திருந்தன. ஒன்றுக்கு இடமளித்தால் இரண்டு பறிபோம். 2011இல் அறிவிக்கப்பட்ட 64 பிட் அமைப்பு இப்படிவை நீக்கி, முப்பத்திரண்டு தனித்தனிக் காவிப் பதிவகங்களைத் தந்தது. அறிவுறுத்தற் குறியீடு முற்றாக மாற்றியமைக்கப்பட்டமையாலேயே இது சாத்தியமாயிற்று. சிறு திருத்தங்களின் தொடர்ச்சியால் நீங்காத தளை, ஒரு முறிவில் நீங்கிற்று. பௌதிக எல்லையோ அம்முறிவின் பின்னரும் 32 பிட் அறிவுறுத்தலாக நிலைத்திருந்தது.

7

இவ்விரு வகை எல்லைகளும் தொகுப்பியில் வந்து ஒன்றுகூடுகின்றன. சில அறிவுறுத்தல்கள் இரண்டு, மூன்று அல்லது நான்கு அடுத்தடுத்த பதிவகங்களை ஒருங்கே வேண்டுகின்றன. பேருந்தில் ஏறிய நால்வர் கொண்ட குடும்பமொன்று சேர்ந்தே அமரவேண்டுமென வற்புறுத்தினால், நான்கு இருக்கைகள் காலியாக இருந்தும் அவை சிதறிக் கிடப்பின் பயனில்லை. ஏலவே அமர்ந்தோரை இடம்மாற்றவேண்டும், அல்லது சிலரை இறக்கிவிடவேண்டும். தொகுப்பி செய்வதும் இதுவே. இடம்மாற்றல் படியெடுக்கும் அறிவுறுத்தலாகவும், இறக்கிவிடல் நினைவகத்துக்கு வெளியேற்றலாகவும் அமையும். காவிகள் அகன்றவை என்பதால் ஒவ்வொரு வெளியேற்றமும் செலவு மிக்கது.

கோட்பாட்டளவிலும் இவ்வேறுபாடு துலக்கமாகத் தெரிகின்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை மாத்திரமே பெறுமானம் அளிக்கப்படும் வடிவிற் செய்நிரலை எழுதினால், அதன் வரைபுக்கு விரைந்து நிறமிடலாம் என்பதை 2005ஆம் ஆண்டளவிற் பலர் தனித்தனியே கண்டனர். பதிவகங்கள் சமமாயிருந்தாலே இது பொருந்தும். பதிவகங்கள் ஒன்றின்மீதொன்று படியுமாயின், கிளைகளோ சுற்றுகளோ அற்ற நேரான செய்நிரலுக்கே இப்பிரச்சினை, விரைந்த பொதுவழி எதுவும் அறியப்படாத வகுப்பைச் சேரும் என்பது 2007இல் நிறுவப்பட்டது. கணிதத்தின் கடினம் எனத் தோன்றும் ஒன்றின் ஒரு பகுதி, வரலாற்றின் கடினமே என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கடினத்தை எதிர்கொள்ளப் பல முறைகள் ஆக்கப்பட்டன. பதிவகங்களின் வகுப்புகளையும் படிவுகளையும் கணக்கிலெடுக்குமாறு நிறமிடல் முறை 2004இற் பொதுமையாக்கப்பட்டது. 1987இல் வெளிவந்த ஜி.சி.சி. என்னும் கட்டற்ற தொகுப்பி 2009இற் புதிய ஒதுக்கீட்டு முறையைப் பெற்றது. 2000இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் தொடங்கிய எல்.எல்.வி.எம். 2011இல் தனது முறையை மாற்றியது. ஜி.சி.சி.யின் இயந்திர விவரணத்தில் ஒவ்வோர் அறிவுறுத்தலுக்கும் எதிரே எழுத்துக்களால் அமைந்த நிபந்தனைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஓர் எழுத்து, பழைய காவிப் பதிவகங்களைக் குறிக்கும். வேறோர் எழுத்து, ஏ.வி.எக்ஸ்.-512இன் முப்பத்திரண்டையும் குறிக்கும். இன்னொரு குறி, பூச்சியம் நீங்கிய மறைப்புப் பதிவகங்களைக் குறிக்கும். விடையும் மூலமும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதை ஓர் இலக்கம் குறிக்கும். வரலாற்றாசிரியனுக்கு இவ்வெழுத்துக்கள் கல்வெட்டுப் போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு காலத்து முடிவின் எச்சம்.

இக்கல்வெட்டைப் பொறித்து, பேணி, திருத்துவோரின் உழைப்பு அட்டவணைகளில் எங்கும் தோன்றுவதில்லை. முறைவழியாக்கியை விற்கும் நிறுவனம் பதிவகங்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்துகின்றது. அவற்றுள் எது எதற்குப் பொருந்தாது என்பதைக் கண்டு சமாளிப்பது தொகுப்பி எழுதுவோரின் பணி. பொருந்தாமையைச் சந்தை உண்டாக்குகின்றது. அதனைச் சீர்செய்யும் உழைப்பிற் பெரும்பகுதி, பல்கலைக்கழக ஆய்வாகவும், பொதுவிற் பகிரப்படும் கட்டற்ற செய்நிரலாகவும், நிறுவனங்களின் கூலியுழைப்பாகவும் நடைபெறுகின்றது. பயனை அனைவரும் நுகர்கின்றனர் என்பது உண்மையே. ஆயின் சந்தையின் முடிவாற் பிறந்த செலவு சமூகமயமாக்கப்பட்டு, அம்முடிவால் வந்த இலாபம் தனியாருடையதாகவே எஞ்சுகின்றது என்பதும் உண்மை.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். காவி அறிவுறுத்தல்களுக்கான பதிவக ஒதுக்கீட்டில் எதிர்ப்படும் எல்லைகள் இரு மூலங்களைக் கொண்டவை. அறிவுறுத்தலின் நீளம், கம்பியின் தூரம், நினைவகத்தின் தாமதம் என்பன பொருளின் எல்லைகள். இவை உடைமை உறவுகள் மாறினும் மறையா. நொவொசிபீர்ஸ்க்கிலும் நியூயோர்க் மாநிலத்திலும் ஒரே பிரச்சினை ஒரே வகைக் கணிதத்துக்கு இட்டுச்சென்றமை இதனாலேயே. படிந்த பதிவகங்கள், பாதி காக்கப்படும் பதிவகங்கள், முடக்கப்பட்ட பதிவகங்கள் என்பன திரண்ட மூலதனத்தைக் காக்கும் நிர்ப்பந்தத்திற் பிறந்தவை. இவை மனிதர் செய்தவை, மனிதரால் மாற்றத்தக்கவை, சிலவேளை மாற்றப்பட்டவை.

இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்து நேர்வது ஆய்வுத் தவறு மாத்திரமன்று. எல்லாவற்றையும் இயற்கை எனக் கொள்பவன், நீக்கத்தக்க தளையையும் விதியெனச் சுமப்பான். எல்லாவற்றையும் சூழ்ச்சி எனக் கொள்பவன், உடைமையை மாற்றியபின் 32 பிட் அறிவுறுத்தலின் முன் வந்து திகைத்து நிற்பான். இன்று அறிவுசார் உழைப்பின் பல துறைகளுள் இயந்திரங்கள் நுழைந்துவருகையில், இவை இவ்வாறே அமையும், வேறு வழியில்லை என்னும் குரல் எங்கணும் கேட்கின்றது. அக்குரலை அப்படியே ஏற்பதும் அப்படியே நிராகரிப்பதும் சோம்பலின் இரு வடிவங்கள். எது பொருளின் எல்லை, எது உடைமையின் எல்லை என்பதை ஒவ்வொரு துறையிலும் தனித்தனியே, அத்துறையின் நுணுக்கங்களைக் கற்று, பிட்டுப் பிட்டாக எண்ணிப் பார்த்தே கூறமுடியும். அறிவுறுத்தற் கைந்நூல்களை வரலாற்று ஆவணங்களாக வாசிக்கும் பயிற்சி, எமது ஆய்வாளர் மேற்கொள்ளவேண்டிய பணிகளுள் ஒன்றாகும்.